குடலில் அழற்சி, கண்ணில் சிவப்பு

குடல் அழற்சி நோயில் முக்கியமானவை இரண்டு வகை: பெருங்குடலின் உட்சுவரைப் புண்ணாக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், வாய் முதல் மலவாசல் வரை எங்கும் வரக்கூடிய குரோன் நோய். இரண்டிலும் நோயெதிர்ப்பு மண்டலமே நிலைதவறிக் குடலைத் தாக்குகிறது. அந்தத் தாக்குதல் மூட்டு, தோல், கண் வரை போவதுண்டு. பெரும்பாலான ஆய்வுகள் நூறு நோயாளிகளில் 4 முதல் 10 பேருக்குக் கண் பாதிக்கப்படுவதாகச் சொல்கின்றன. குரோன் நோய்க்குப் பெயர் தந்த அமெரிக்க வைத்தியர் பரில் குரோன், அந்நோயை 1932இல் விவரிப்பதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, கொலைட்டிஸ் நோயாளிகளின் கண் பாதிப்பைப் பற்றி எழுதிவிட்டார்.

இலங்கையில் குடல் அழற்சி அரிது. கொழும்பு, கம்பஹா மாவட்டங்களில் நடந்து 2010இல் வெளியான ஆய்வின்படி, இலட்சம் பேரில் 5.3 பேருக்குக் கொலைட்டிஸ், 1.2 பேருக்குக் குரோன். அரிதான நோய் என்பதாலேயே, யாழ்ப்பாணத்தில் ஒருவருக்குக் கண் சிவந்தால் ‘கண்நோய்’ என்று பார்மசியில் துளிமருந்து வாங்குவதோடு காரியம் முடிந்துவிடுகிறது. பல தடவை அது சரியாகவும் இருக்கும். ஆனால் நாள்பட்ட வயிற்றோட்டம், மலத்தில் இரத்தம், மெலிவு உள்ளவரின் சிவந்த கண் வேறு கதை.

வெண்விழியின் மேற்படலம் மட்டும் அழன்றால் சிவப்பும் லேசான எரிவுமே இருக்கும், பார்வை குறையாது. குடல் நோய் கிளம்பும்போது வந்து, அது அடங்கும்போது பெரும்பாலும் தானும் அடங்கும். வெண்விழியின் ஆழம் அழன்றால் தூக்கத்தைக் கெடுக்கும் குடைச்சல் வலி உண்டு. விழியின் உள்ளே வரும் யுவியைட்டிஸே இன்னும் ஏமாற்றுவது. வலி, மங்கல் பார்வை, வெயிலில் இறங்க முடியாத கூச்சம் என்று வரும். சிலருக்குச் சிவப்போ வலியோ பெரிதாகத் தெரியாமலே இரு கண்களிலும் மெல்லப் பரவும். இது குடலின் போக்கைப் பின்பற்றுவதில்லை. வயிறு அமைதியாக இருக்கும்போதும் வரும், குடல் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பும் வரும். ஸ்லிட் லாம்ப் என்னும் கருவியால் விழிக்குள் பார்த்தே இதை உறுதிசெய்ய முடியும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை போன்ற இடங்களின் கண் பிரிவுக்குப் போகும்போது வயிற்று வருத்தத்தையும் சொல்லிவிட வேண்டும். கண்ணுக்கு வந்தவரிடம் மலத்தைப் பற்றி யாரும் தாமாகக் கேட்பது குறைவு.

இந்த நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. குடலில் வரும் காசநோய் குரோனைப் போலவே தோன்றும். காசநோய் தனியாகவே யுவியைட்டிஸையும் உண்டாக்கும். ஆகவே ஸ்டெரொயிட் மாத்திரைகள், இன்ஃப்ளிக்ஸிமாப், அடலிமுமாப் போன்ற எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் தொடங்குமுன் மார்பு எக்ஸ்ரேயும் மான்டூ போன்ற காசநோய்ப் பரிசோதனைகளும் தேவை. இல்லாவிட்டால் மறைந்திருக்கும் காசநோய் கிளம்பிவிடலாம்.

முன்பக்க யுவியைட்டிஸுக்கு ஸ்டெரொயிட் துளிகளும், வலி தணிய கண்மணியை விரிக்கும் துளிகளும் தரப்படும். இதே ஸ்டெரொயிட் துளி, ஹேர்பீஸ் வைரசால் கருவிழியில் புண் வந்தவருக்குப் பெரும் கேடு. ஸ்டெரொயிட் துளியை நீண்டகாலம் விட்டால் கண்புரை வரலாம், கண் அழுத்தமும் கூடலாம் என்பதால், மருந்து நடக்கும்வரை கிளினிக்கில் அழுத்தத்தை அளந்து பார்க்கிறார்கள்.