நினைவகம் எங்கே போகிறது?

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து வாசுதேவநல்லூர் போன்ற ஊர்களிலும் மாணவர் வீடுகளுக்குள் லினக்ஸைக் கொண்டுவந்து சேர்த்தது. விண்டோஸோடு கூடவே அக்கணினிகளில் இருந்த 'பாஸ்' என்னும் லினக்ஸ், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸ் வகையை ஆதாரமாகக் கொண்டு இயற்றியது. ஆரம்பத்தில் வந்தவற்றில் நினைவகம் 2 ஜிபிதான். அத்தகைய கணினி இன்றைய உலாவியைத் தாங்கமாட்டாமல் திணறுவதைக் கண்டவுடன், வயதாகிவிட்டதென்று அதைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். விசாரணையில்லாமல் அளிக்கும் இத்தண்டனை எனக்குச் சம்மதமில்லை.

டெர்மினலில் 'ஃப்ரீ' என்று கட்டளையிட்டால் காலியான நினைவகம் சொற்பமாகத் தெரியும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். சும்மா கிடக்கும் நினைவகத்தில், வட்டிலிருந்து படித்தவற்றை லினக்ஸ் சேமித்து வைத்துக்கொண்டு, கேட்டவுடன் விட்டுக்கொடுத்துவிடும். ஆகையால் 'அவைலபிள்' என்ற பத்தியில் உள்ள எண்ணே பிரமாணம்.

அந்த எண்ணும் குறைந்திருந்தால் 'டாப்' கட்டளையைக் கொடுத்துப் பெரிய 'எம்' எழுத்தை அழுத்துங்கள். அதிகம் விழுங்கும் நிரல் முதலில் வந்து நிற்கும். 'விர்ட்' என்பது நிரல் தனக்கென்று குறித்துவைத்த முகவரிகளின் பரப்பு மாத்திரமே. உண்மையில் பிடித்திருப்பதை 'ரெஸ்' காட்டும். கேடீஈ டெஸ்க்டாப்பின் 'பலூ', க்னோம் டெஸ்க்டாப்பின் 'ட்ராக்கர்' முதலிய கோப்பு அட்டவணை நிரல்கள் புதிதாக ஏராளமான படங்களை ஏற்றிய பின் சற்று நேரம் பெருத்திருப்பது இயல்பு. ஜன்னல்களையெல்லாம் மூடிய பிறகும், வேலை ஏதுமில்லாதபோதும், ஓர் எண் ஏறிக்கொண்டே போய் இறங்க மறுக்குமாயின், அதுவே கசிவு.

2018இல் க்னோம் ஷெல்லில் அகப்பட்டது இந்த ஜாதிக் குற்றந்தான். அதன் ஜாவாஸ்கிரிப்ட் பகுதியில் ஒரு பொருள் அழிந்தால், அதைச் சார்ந்த பொருள்கள் பயனற்ற நினைவகத்தை விடுவிக்கும் அடுத்த துப்புரவுச் சுற்றிலும், அவற்றைச் சார்ந்தவை அதற்கும் அடுத்த சுற்றிலுமாகத்தான் விடுதலை பெற்றன; சுற்றுகளோ அபூர்வமாகவே நிகழ்ந்தன. பிரேசில் நாட்டு ஜார்ஜஸ் ஸ்டாவ்ராகாஸ் இக்காரணத்தைக் கண்டறிந்து, துப்புரவை உரிய சமயத்தில் தூண்டும் திருத்தத்தை எழுதினார்.

நிரலை நிறுத்தி மீண்டும் தொடங்குவது தற்காலிக நிவாரணம். பதிப்பு எண்ணையும், மணிக்கொரு தரம் குறித்த 'ரெஸ்' அளவுகளையும், அப்போது செய்துகொண்டிருந்த வேலையையும் எழுதி அனுப்பினால், நிரலாசிரியர் அதே தவற்றைத் தம் கணினியில் வரவழைத்துப் பார்க்க முடியும்.