தோல் பணமும் சுண்ணாம்புச் சுவரும்

வேலூர் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தின் யாளித் தூண்களை அண்ணாந்து பார்க்காத வேலூர்க்காரர் இருக்க மாட்டார். 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் எழுந்த இந்தக் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. அதனால் கவனிக்க ஓர் ஆளாவது உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் தெருக்களில் உள்ள பழைய பள்ளிவாசல்கள், ஓட்டுக்கூரை டேனரிகள், தோல் வியாபாரிகள் கட்டிய தூண் வைத்த வீடுகள் ஆகியவற்றை யார் கவனிப்பது? விரிசல் விட்டால் கொத்தனார் வருகிறார், சிமென்ட் பூசுகிறார், போகிறார்.

கேடு அங்கேதான் தொடங்குகிறது. பழைய செங்கல் சுவர் சுண்ணாம்புக் காரையால் எழுப்பியது. மழையில் ஈரத்தை வாங்கும், வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் ஏறினால் ஈரத்துக்குப் போக வழியில்லை. உப்பு பூக்கும், செங்கல் மாவாக உதிரும். நல்ல மனதோடு செய்த பழுதுபார்ப்பே சுவரைச் சாகடித்துவிடும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே சேரும். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் விட்டு அரைத்த சாந்து நம் பழைய கட்டடக்காரர்கள் கைகண்டது. கடுக்காயும் சுண்ணாம்பும் இந்தப் பாலாற்றங்கரைக்குப் புதிதா என்ன? குரோமியம் வருவதற்கு முன்னால், தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போட்டு மயிர் நீக்கி, ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதப்படுத்திய ஊர்கள் இவை. எந்தச் சுவருக்கு எந்தச் சாந்து, எந்த விரிசலைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று சோதித்துச் சொல்லும் படிப்பு மட்டும்தான் இங்கே இல்லை.

அந்தப் படிப்பு வெளியே இருக்கிறது. டெல்லியிலும் போபாலிலும் உள்ள திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளிகளில் மரபுக் கட்டடப் பாதுகாப்பில் முதுகலை உண்டு. அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்திலும் உண்டு. ஐந்து வருஷம் பி.ஆர்க் முடித்து, கேட் தேர்வில் தகுதி பெற்று, ஏஐசிடிஇ அங்கீகாரமுள்ள படிப்பில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். டெல்லியில் அறை வாடகையும் சாப்பாடும் போக அதில் என்ன மிஞ்சும்? வரலாறு படித்த பிள்ளைக்கு அதுவும் கிடையாது.

வெளிநாட்டுக்குப் போக நினைப்பவர்களுக்குச் சில கதவுகள் திறந்திருக்கின்றன. அமெரிக்காவில் முதுகலை படிக்க ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகை தரும் துறைகளில் மரபுப் பாதுகாப்பும் ஒன்று. 1892இல் ஜாம்ஷெட்ஜி டாடா தொடங்கிய ஜே.என். டாடா அறக்கட்டளை கடனாகப் பணம் தருகிறது. பிரிட்டனில் படிக்க சார்லஸ் வாலஸ் இந்திய அறக்கட்டளை உதவுகிறது. கொல்கத்தாவில் ஷா வாலஸ் கம்பெனியில் சம்பாதித்த ஒரு வியாபாரியின் சொத்து, அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்தும் இந்தியப் பிள்ளைகளைக் கட்டடம் காக்கப் படிக்க வைக்கிறது.

ஒரு கதவு மட்டும் வேண்டுமென்றே சாத்தப்பட்டது. பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க ஒன்றிய அரசு தரும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையின் விதிகள் 2022இல் திருத்தப்பட்டன. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு பற்றிய பாடங்களுக்கு இனி உதவி இல்லை என்று அதில் ஒரு வரி சேர்ந்தது. இந்தப் பகுதியில் தோலைத் தொட்டு வேலை செய்த கைகளில் பெரும்பங்கு தலித் கைகள். சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்றவரின் பேத்தி அந்த டேனரியின் வரலாற்றை, அந்தக் கட்டடத்தை, தன் பாட்டன் உழைத்த இடத்தைக் காப்பாற்றப் படிக்க நினைத்தால், பொறியியல் என்றால் பணம் உண்டு, உன் ஊர் என்றால் இல்லை என்கிறது அரசு. இது அநியாயம். அந்த வரியை நீக்கியே ஆக வேண்டும். சிறுபான்மை மாணவர்களின் வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கு வட்டி மானியம் தந்த படோ பர்தேஷ் திட்டமும் அதே 2022இல் நிறுத்தப்பட்டது. முஸ்லிம் குடும்பங்கள் நிறைந்த ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் அது இன்னோர் அடி.

அரசு கைவிட்ட இடத்தில் இந்த ஊர்க்காரர்கள் கைகட்டி நின்றதில்லை. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இல் எழுந்ததன் பின்னால் தோல் வியாபாரிகளின் பணம் இருக்கிறது. சென்னை சென்ட்ரல் எதிரே பயணிகளுக்குச் சத்திரம் கட்டிய மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் தோல் வியாபாரத்தில் பொருளீட்டியவர். 1965இல் தொடங்கிய கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தோலில் வந்த பணம் படிப்பாக மாறுவது இங்கே நூறு வருஷப் பழக்கம். அதே பணம் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது என்று 1996இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்ற கொள்கையை இந்தியா முழுவதற்கும் நிலைநாட்டிய தீர்ப்பு வேலூர் வழக்கில்தான் வந்தது. இந்த மண்ணுக்குத் தோல் தொழில் பட்டிருக்கும் கடன் பெரியது.

ஆகவே ஆம்பூர், ராணிப்பேட்டை ஏற்றுமதியாளர்களிடமும் கல்விச் சங்கங்களிடமும் கேட்கிறேன். வருஷத்துக்கு இரண்டு பேரை எடுங்கள். ஒருவர் கட்டடக்கலை படித்தவர், ஒருவர் வரலாறு படித்தவர். குறைந்தது ஓர் இடமாவது டேனரியிலோ ஷூ கம்பெனியிலோ வேலை செய்பவர் வீட்டுப் பிள்ளைக்கு. கல்லூரிக் கட்டணம் மட்டும் போதாது. விடுதி, பயணம், கேட் பயிற்சி எல்லாம் சேர வேண்டும். திரும்பி வந்து மூன்று வருஷம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் வேலை செய்ய வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சம்பளத்தையும் நீங்களே கொடுங்கள். முதல் வேலையாக, நின்றுகொண்டிருக்கும் பழைய டேனரி ஒவ்வொன்றையும் அளந்து, வரைந்து, படமெடுத்துப் பதிவு செய்யட்டும். இடிக்க நாள் குறித்த கட்டடங்களில் தொடங்கட்டும்.