ரத்துப் பொத்தான் உடனே செவிசாய்க்காதது ஏன்?

நோயுற்ற பயிரின் இலையைப் படமெடுத்து வந்த களப்பணியாளர் ஒருவர், படத்திலுள்ள புள்ளிக் கறைகளை நீக்கக் கணிப்பொறியில் ஒரு வடிப்பானை இயக்குகிறார் எனக் கொள்வோம். கொடுத்த அளவு தவறென்று உணர்ந்து ‘ரத்து’ப் பொத்தானை அழுத்துகிறார். பயனில்லை. பன்முறை அழுத்தியும் திரை அசையவில்லை. பொறுமையிழந்து மின்சாரத்தை நிறுத்துகிறார். சேமிக்கப்படாத வேலை முழுவதும் அழிந்துபோகிறது. பொத்தான் பழுதுற்றதா? அன்று. அதன் இயல்பை அறிந்திருந்தால் இவ்விழப்பைத் தவிர்த்திருக்கலாம்.

முதலில் வேலையின் அளவை நோக்குவோம். 6,000 புள்ளி அகலமும் 4,000 புள்ளி உயரமும் உள்ள படத்தில் 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள் உள்ளன. வடிப்பானின் ஆரம் 50 புள்ளிகளாயின், ஒவ்வொரு புள்ளிக்கும் அதனைச் சூழ்ந்த 101 × 101, அதாவது 10,201 புள்ளிகளை ஆராய வேண்டும். நேர்வழியிற் செய்தால் மொத்தம் 24,000 கோடிக்கும் மேற்பட்ட முறை ஆராய நேரிடும். சுருக்கு வழிகள் உண்டெனினும், பெரிய படங்களுக்குக் காலம் பிடிக்கவே செய்யும்.

இனி, பொத்தானின் நிலையைக் காண்போம். ஓர் அலுவலகத்தில் ஒரே எழுத்தர் நீண்ட கணக்கொன்றைக் கூட்டிக்கொண்டிருக்கிறார். ‘நிறுத்துக’ என்றெழுதிய சீட்டை அவர் மேசைத் தட்டில் வைக்கிறோம். கூட்டல் முடிந்து தலை நிமிர்ந்த பின்னரே அவர் சீட்டைக் காண்பார். மென்பொருளும் இத்தகையதே. பொத்தானை அழுத்துவது ஒரு செய்தியாக வரிசையில் நிற்கிறது. அவ்வரிசையைக் கவனிக்க வேண்டிய அதே செயலிழை கணக்கிலும் ஈடுபட்டிருந்தால், செய்தி காத்திருக்க வேண்டியதே. ஆகவே ரத்துப் பொத்தான் வண்டியின் தடைக்கட்டை போன்றதன்று; அது ஒரு வேண்டுகோளேயாகும்.

வேலையை நினைத்தவிடத்தில் வெட்டிவிடவும் இயலாது. படம் பாதி மாறியும் பாதி மாறாமலும் நின்றுவிடும். எனவே நன்கமைந்த மென்பொருளில் கணக்கு தனி இழையில் நடைபெறும். படம் சிறு கட்டங்களாகப் பகுக்கப்படும். கட்டந்தோறும் ரத்துக் குறி உளதா என்று பார்க்கப்படும். பழைய படமும் பாதுகாக்கப்படும். மேற்சொன்ன படத்தை 64 × 64 புள்ளிக் கட்டங்களாகப் பகுத்தால் 5,922 கட்டங்கள் கிடைக்கும். முழு வேலைக்கு ஒரு நிமிடம் ஆயினும், ஒரு கட்டத்துக்கு வினாடியில் நூற்றிலொரு பங்கே ஆகும். 0.1 வினாடிக்குள் கிடைக்கும் விடை மனிதருக்கு உடனடியாகவே தோன்றும் என்று யாக்கோப் நீல்சன் 1993-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் குறித்துள்ளார். அவ்வெல்லைக்குள் இது எளிதில் அடங்குகிறது.

பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியவை சில. வேலை தொடங்குமுன் படத்தின் பிரதியைச் சேமித்து வைக்க வேண்டும். படத்தின் சிறு பகுதியில் முதலில் சோதித்துப் பார்ப்பது நலம். ரத்துப் பொத்தானை ஒருமுறை அழுத்திக் காத்திருக்க வேண்டும். பன்முறை அழுத்தினால் அச்செய்திகளும் வரிசையிற் சேர்ந்து, பின்னர்த் திரையில் தோன்றும் வேறொரு பொத்தானின்மீது விழுதலும் கூடும். மின்சாரத்தை நிறுத்துவது இறுதி வழியாக மட்டுமே இருத்தல் வேண்டும்.