பறவைக்கு வைக்கும் சட்டியில் கொசுவுக்கும் இடம்

பங்குனி பிறந்ததுமே மொட்டை மாடிகளிலும் பால்கனிகளிலும் பறவைகளுக்கான மண்சட்டிகள் வந்துவிடுகின்றன. நல்ல காரியம்தான். ஆனால் தண்ணீர் ஊற்றுவதில் உள்ள அக்கறை சட்டியைத் தேய்த்துக் கழுவுவதில் இல்லை என்பதுதான் கவலை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரம் படிந்த உட்சுவரில்தான் முட்டைகளை ஒட்டிவைக்கிறது. சொரசொரப்பான பரப்பு அதற்கு மிகவும் தோது. மண்சட்டியின் உட்புறம் அப்படிப்பட்டதுதான். பழைய தண்ணீரைச் சாய்த்துக் கொட்டினால் புழுக்கள் போய்விடும், முட்டைகள் போகாது. மறுபடி ஊற்றும் தண்ணீர் அவற்றை மூடியதும் பொரிக்கத் தொடங்கும். வெயில் காலத்தில் அது கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும்.

தினமும் தண்ணீர் மாற்றினால் புழு வளராதே என்று கேட்கலாம். உண்மைதான், ஒரு நாளும் தவறாமல் மாற்றுகிறவரை. வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரு வாரம் ஊருக்குப் போனால் அந்தக் கணக்கு தவறிவிடும். வெயிலில் சட்டி காய்ந்தால் முட்டையும் செத்துவிடும் என்ற நம்பிக்கை அதைவிட ஆபத்தானது. ஏடிஸ் முட்டைகள் ஈரமே இல்லாமல் பல மாதங்கள் தாங்கும். கோடை முடிந்ததும் மாடி மூலையில் ஒதுக்கிய சட்டியில் ஐப்பசி மழை நிரம்பும்போது அவை பொரிக்கும். நம் ஊரில் டெங்கு அதிகரிப்பதும் அந்தப் பருவத்தில்தான். சட்டியே வைக்க வேண்டாம் என்போரும் உண்டு. தாகத்தில் தவிக்கும் பறவைகளை அதற்காகக் கைவிட முடியாது.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தேங்காய் நாராலோ பிரஷ்ஷாலோ உட்சுவரை, குறிப்பாக விளிம்பை ஒட்டிய பகுதியை, அழுத்தித் தேய்க்க வேண்டும். பாசியும் எச்சமும் அதோடு போய்விடும். எச்சில் கலந்த நீர் வழியாகப் புறாக்களிடையே பரவும் தொண்டை நோய்க்கும் இது தடை. கொசுவை ஒழிக்க எண்ணெய் விடுவது கூடவே கூடாது, அது இறகில் ஒட்டிப் பறவையை முடக்கிவிடும். கழுவிய நீரைச் சாக்கடையில் விடாமல் வெயில்படும் காய்ந்த மண்ணில் கொட்டுங்கள். பருவம் முடிந்ததும் சட்டியைக் கடைசியாக ஒருமுறை தேய்த்துக் கழுவி, மழை படாத இடத்தில் கவிழ்த்து வையுங்கள்.