பண்ணைக்கு எந்த வண்டி? உப்புக் காற்றில் ஏழு வருடக் கணக்கு

போன மாதக் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி என்னைத் தனியாக அழைத்தார். சென்னையில் கணினி வேலை. மரக்காணத்துக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் வாங்கியிருக்கிறார். அடுத்த ஆடிக்குள் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவதாக எண்ணம்.

"சார், ஒரே ஒரு சந்தேகம். தார் மாதிரி ஃபோர் வீல் வண்டி வாங்கலாமா, பிக்கப் வாங்கலாமா? நீங்க ரெண்டும் வெச்சிருந்தவரு."

கையில் பதினெட்டு லட்சம் சேமிப்பு என்றார். அதில் பெரும்பங்கு வண்டிக்கே போய்விடும் போலிருந்தது. அன்றைக்கு அவசரத்தில் பாதிதான் சொன்னேன். மீதியை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். நான் வைத்திருந்த வண்டிகளின் கம்பெனிப் பெயரைச் சொல்லப்போவதில்லை. விளம்பரமும் வேண்டாம், பழியும் வேண்டாம்.

எப்படி இரண்டும் வந்தன

2018-ல் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றேன். கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கழுவேலிக்கும் நடுவில் ஆறு ஏக்கர். மல்லாட்டை, தர்பூசணி, கொஞ்சம் நெல், வரப்போரம் சவுக்கு. மண் பாதை, மணல் பாதை, மழை வந்தால் சேறு. "ஃபோர் வீல் இல்லாம இங்க முடியாது" என்று நானே முடிவு செய்துகொண்டு, வந்த பணத்தில் 11 லட்சத்து 20 ஆயிரம் போட்டு மலை, மணல் எல்லாம் ஏறும் வண்டி ஒன்றை வாங்கினேன். உண்மையைச் சொன்னால், முப்பத்து நான்கு வருடம் நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு ஒரு ஆசை. வீட்டில் அப்போதே, "வயலுக்கு வாங்குறீங்களா, உங்களுக்கு வாங்குறீங்களா?" என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை.

முதல் தர்பூசணி அறுவடையிலேயே பதில் கிடைத்துவிட்டது. பின் இருக்கையை மடக்கிப் போட்டும் சில மூட்டைகளுக்கு மேல் ஏறவில்லை. அறுவடைக்கு அறுவடை வாடகைக்கு லோடு வண்டி பிடித்தேன். 2021-ல் பழைய பிக்கப் ஒன்றை 6 லட்சத்துக்கு வாங்கினேன். இரட்டைக் கேபின், முன்னும் பின்னுமாக ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் ஒரு டன் ஏறும். நான்கு வருடம் இரண்டு வண்டியும் ஒரே கொட்டகையில் நின்றன. இந்த வருடம் முதல் வண்டியை விற்றேன்.

எதற்காகப் பிறந்த வண்டி?

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்துக்காகப் பிறந்தது ஜீப். ஆளையும் ஆயுதத்தையும் எந்தத் தரையிலும் கொண்டுபோக வேண்டும், அதுதான் அதன் வேலை. போர் முடிந்ததும் 1945-ல் வில்லிஸ் கம்பெனி அதையே உழவர்களுக்கும் விற்றது. நம் நாட்டில் மஹிந்திரா பம்பாயில் ஜீப்பைப் பொருத்தி விற்கத் தொடங்கியது 1940-களின் கடைசியில். இன்றைய தார் அந்த வம்சம்தான்.

பிக்கப்பின் ஒரு கிளைக் கதை வேறு. 1930-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் ஓர் உழவரின் மனைவி ஃபோர்டு கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோயிலுக்கு நனையாமல் போக வேண்டும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்ற வேண்டும், இரண்டுக்கும் ஆகிற மாதிரி ஒரு வண்டி செய்ய முடியுமா என்பது அவர் கேள்வி. லூயிஸ் பேண்ட் என்ற இளம் பொறியாளர் முன்னால் கார், பின்னால் தொட்டி என்று வரைந்தார். 1934-ல் அந்த வண்டி விற்பனைக்கு வந்தது. நம் கேள்வியும் அந்த அம்மாவின் கேள்விதான்.

இன்றைய அளவுகளைப் பாருங்கள். மூன்று கதவு தார் நான்கு மீட்டருக்குள் அடங்கும். தரையிலிருந்து 226 மி.மீ. உயரம், 650 மி.மீ. ஆழத் தண்ணீரில் இறங்கலாம் என்பது கம்பெனிக் கணக்கு. நான்கு இருக்கை. இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்றவை 5.3 மீட்டர் நீளம். குறுகிய வரப்புப் பாதையில் ஒரே வெட்டில் திரும்பாது, முன்னும் பின்னும் நாலு தடவை போக வேண்டும். நம் பக்கம் அதிகம் ஓடும் பொலிரோ வகைப் பிக்கப்புகள் ஒரு டன்னிலிருந்து 1.7 டன் வரை ஏற்றும். ஆனால் பின்னால் கமான் பட்டை. காலியாகப் போனால் முதுகு பேசும். மணலில் காலித் தொட்டி வழுக்கும். நாலு மூட்டை எருவைப் பின் அச்சுக்கு மேலே போட்டு, டயர் காற்றை இருபது பவுண்டு அளவுக்கு இறக்கினால் ஓரளவு ஏறிவிடும். சாலைக்கு வந்ததும் மறக்காமல் காற்றை ஏற்றிவிடுங்கள்.

நோட்டு சொன்ன கணக்கு

வங்கிப் பழக்கம் விடவில்லை. 2023 பொங்கலிலிருந்து 2024 பொங்கல் வரை இரண்டு வண்டிக்கும் சேர்த்து ஒரு நோட்டு போட்டேன். எங்கே போனேன், என்ன ஏற்றினேன், ஃபோர் வீல் கியரைப் போட்டேனா என்று மூன்று கட்டம்.

மொத்தம் 240 பயணம். 300 கிலோவுக்கு மேல் சுமை ஏற்றியது 82 முறை. இரண்டு மூட்டை, நாலு கூடை என்று சில்லறைச் சுமை 61 முறை. ஆள் மட்டும் போனது 97 முறை. அதில் பாதிக்கு மேல் டி.வி.எஸ். ஐம்பதிலேயே போய் வந்திருக்கலாம். ஃபோர் வீல் கியர் போட்டது 11 முறை. அதிலும் நாலு முறை ஆசைக்குப் போட்டது. உண்மையான தேவை ஏழு. ஏழும் ஐப்பசி, கார்த்திகையில்.

பணக் கணக்கு இது. முதல் வண்டியை ஏழு வருடம் கழித்து 5 லட்சத்து 60 ஆயிரத்துக்கு விற்றேன். வருடத்துக்குத் தேய்மானம் 80,000. போட்ட 11.2 லட்சத்துக்கு 7 சதவீத வைப்பு வட்டி வருடம் 78,400. ஆக 1,58,400. வருடம் 8,000 கி.மீ. ஓட்டினேன். டீசல் ஊற்றும் முன்பே கிலோமீட்டருக்கு 19 ரூபாய் 80 காசு. பிக்கப்பை இன்று விற்றால் 4 லட்சம் வரும். தேய்மானம் 50,000, வட்டி 42,000, ஓட்டம் 11,000 கி.மீ. கிலோமீட்டருக்கு 8 ரூபாய் 40 காசுக்குள். வட்டியைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. கடன் வாங்காமல் வாங்கினாலும் வட்டி உண்டு, நமக்கு வரவேண்டியது வராமல் போகிறது, அவ்வளவுதான்.

பிக்கப்பிலும் செலவு உண்டு, மறைக்கக் கூடாது. மஞ்சள் போர்டு சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு வருடம் 16,049 ரூபாய். 1,500 சி.சி.க்கு மேற்பட்ட சொந்தக் காருக்கு 7,897 தான். எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பிறகு வருடா வருடம் எஃப்.சி. காட்ட வேண்டும். மறுபக்கம், 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். 1,500 சி.சி.க்கு மேற்பட்ட டீசல் கார்களுக்கு 40. அதோடு தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரையான காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் வேண்டாம். சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸ் போதும். 7,500 கிலோ வரை அது செல்லும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே 2024 நவம்பரில் சொல்லிவிட்டது.

உப்பு யாரையும் விடாது

உப்பளத்தில் மரப் பலகையால்தான் உப்பு வாருகிறார்கள். இரும்பு அங்கே நிற்காது. நம் வண்டி முழுக்க இரும்பு.

காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையும். கடல் உப்பில் மெக்னீசியம் கலந்திருப்பதால் அதற்குக் கீழேயும் கசியும். நம் கரையில் இரவெல்லாம் ஈரக் காற்று. ஆக, மழையே இல்லாவிட்டாலும் வண்டியின் அடிப்பாகம் விடிய விடிய நனைந்துகொண்டே இருக்கிறது.

நான் செய்த முட்டாள்தனம், வாரம் தவறாமல் போர் தண்ணீரில் வண்டி கழுவியது. எங்கள் போர் தண்ணீர் உவர்ப்பு. அழுக்கு போயிற்று, உப்பு ஏறியது. நாலாம் வருடம் மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "சார், பிரேக் பைப்ப வந்து பாருங்க" என்றார். நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. இப்போது ஏரித் தண்ணீர், அல்லது தொட்டியில் பிடித்த மழைத் தண்ணீர் மட்டும். மேலே பளபளப்பதைவிட அடியில் பீய்ச்சுவது முக்கியம். கதவுக்கும் தொட்டிக்கும் கீழே தண்ணீர் வடியும் ஓட்டைகளைக் குச்சி விட்டு வாரம் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். உறை போட்டு மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும்.

இயற்கை உழவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம், மீன் அமிலம், மாட்டுக் கோமியம் எல்லாம் மண்ணுக்கு அமுதம், தகட்டுக்கு எமன். மூடியுள்ள கேனில், மரச் சட்டத்தின் மேல் வையுங்கள். தொட்டியில் ரப்பர் பாய் விரித்தால் சிந்தியது அடியில் தேங்கி அரிக்கும். இடைவெளி விட்ட பலகையே மேல்.

உவர்த் தண்ணீரில் எந்த வண்டியையும் இறக்காதீர்கள். 650 மி.மீ. என்பது ஆபத்துக்கு. கழுவேலி 2021 டிசம்பரிலிருந்து பறவைகள் சரணாலயம். கடற்கரை மணலில் தை முதல் பங்குனி வரை ஆமை முட்டையிடும். சனி ஞாயிறுகளில் அங்கே வண்டி விட்டு விளையாட வருகிறார்கள். மண்ணுயிர் பேசும் நாம் அதைச் செய்யலாகாது.

ஒரு நல்ல நாள், ஒரு கெட்ட நாள்

முதல் வண்டிக்கு உரிய மரியாதையைச் செய்ய வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை ஏறியது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை. மறுநாள் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு மூச்சுத் திணறல். மரம் விழுந்த பாதையை விட்டு விலகி, சேற்றில் இறங்கி, அந்த வண்டிதான் அவரை மெயின் ரோடு சேர்த்தது. பிக்கப் அன்று அசைந்திருக்காது. ஆனால் அதே நாளில் எங்கள் ஊரில் இன்னும் நாலு குடும்பத்தை வெளியே கொண்டுவந்தது கோவிந்தனின் டிராக்டர். வருடத்தில் ஏழு நாளுக்கு ஊரில் டிராக்டர் இருக்கிறது. எண்பத்திரண்டு நாள் சுமைக்கு?

கெட்ட நாள் பிக்கப்பில். 2022 ஆவணி. களை எடுத்து முடித்த ஒன்பது பெண்கள். நாலு பேர் கேபினில், ஐந்து பேர் பின்னால் தொட்டியில். "ஏறிக்கோங்கம்மா" என்றவன் நான்தான். மெயின் ரோடு திருப்பத்தில் ஒரு பைக் குறுக்கே வந்தது. பிரேக் அடித்தேன். தொட்டியில் நின்றிருந்த செல்வி பக்கவாட்டுத் தகட்டில் மோதி முழங்கை முறிந்தது. இரண்டு மாதம் அவர் வேலைக்குப் போகவில்லை. வைத்தியத்தையும் கூலியையும் நான் கொடுத்தேன். அதோடு முடிந்தது அதிர்ஷ்டம். சரக்கு வண்டித் தொட்டியில் சும்மா ஏற்றிவந்த ஆளுக்குக் காப்பீட்டுக் கம்பெனி பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் பல வருடம் முன்பே தீர்த்துவிட்டது. உயிர் போயிருந்தால் அந்தக் குடும்பத்துக்கு என் ஆறு ஏக்கரை விற்றுத்தான் கொடுத்திருக்க வேண்டும். பத்திரத்தின் பொடி எழுத்தைப் படியுங்கள் என்று வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்குச் சொன்னவன், என் வண்டிப் பத்திரத்தைப் படிக்கவில்லை.

செல்வியிடம் இனி யாரும் பின்னால் ஏறக் கூடாது என்று சொன்னபோது அவர் கேட்டார்: "பஸ்ஸு வராத ஊருல நாங்க எதுல சார் வர்றது?" நியாயமான கேள்வி. இப்போது கேபினில் எத்தனை இருக்கையோ அத்தனை பேர், இரண்டு நடை. ஆள் கூடினால் ஷேர் ஆட்டோ, வாடகை என் செலவு. விதைச் செலவு மாதிரி அதுவும் சாகுபடிச் செலவுதான். மூட்டையைப் பொறுத்தும் இதே கண்டிப்பு வேண்டும். அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் அபராதம் 20,000, கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலே 2,000.

தம்பிக்குச் சொன்னது

புறநானூற்றில் உமணர்கள் உப்பு வண்டியோடு புறப்படும்போது அடியில் சேம அச்சு ஒன்றையும் கட்டிக்கொண்டு போகிறார்கள். பள்ளம் மேடு வரும் என்று அவர்களுக்குத் தெரியும். அதற்காக வண்டியையே வேறு மாதிரி செய்துகொள்ளவில்லை. சுமைக்கு ஏற்ற வண்டி, ஆபத்துக்கு ஒரு மாற்று அச்சு. நமக்கு அந்த மாற்று அச்சு பக்கத்து வயல்காரரின் டிராக்டரும் அவரோடு உள்ள உறவும்.

தம்பி, முதல் வருடம் வண்டியே வாங்காதீர்கள். வாடகைக்குப் பிடியுங்கள், ஒரு நோட்டு போடுங்கள். சுமை நாட்கள் அறுபதைத் தாண்டினால் பழைய பிக்கப், இரட்டைக் கேபினாக. சேஸிஸையும் பிரேக் பைப்பையும் தட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கடலோரத்தில் ஓடிய வண்டியா என்று விசாரியுங்கள். சுமை முப்பது நாளுக்குள் என்றால் நாலு பேர் சேர்ந்து ஒன்று போதும். என் பிக்கப்பில் இப்போது மூன்று வீட்டுத் தர்பூசணி திண்டிவனம் போகிறது. மஞ்சள் போர்டு என்பதால் அவர்கள் வாடகை தரலாம், நான் வாங்கலாம்.

நாலு நாள் கழித்து தம்பி போன் செய்தார். "சார், நோட்டு வாங்கிட்டேன்" என்றார்.