நிலத்தடி நீரின் வண்ணப் படங்களை வாசிப்பது எப்படி?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்ட்டன் என்றொரு சிற்றூர் உண்டு. சுமார் ஐயாயிரம் பேர் வாழும் அவ்வூரில் 2000ஆம் ஆண்டு மே மாதம் பெய்த கடும் மழையைத் தொடர்ந்து, குழாய் நீரைப் பருகியவர்களுள் சுமார் 2,300 பேர் நோயுற்றனர். ஏழு பேர் உயிரிழந்தனர். பண்ணையொன்றின் மாட்டெருவிலிருந்த ஈ.கோலை கிருமி, ஊருக்கு நீர் வழங்கிய கிணறொன்றினுள் புகுந்திருந்தது. நீருக்குக் குளோரின் இடும் கடமையும் ஒழுங்காக நிறைவேற்றப்பட்டிருக்கவில்லை.

இந்த அனர்த்தத்தின் பின்னர் அவ்வூரின் நிலத்தடி நீரோட்டம் கணனி மாதிரியொன்றின் மூலம் ஆராயப்பட்டது. முப்பது நாட்களுக்குள் கிணறுகளை வந்தடையக்கூடிய நீர், அவற்றைச் சூழ்ந்த சுமார் 300 மீற்றர் தூரத்துக்குள்ளிருந்தே வரும் என அம்மாதிரி காட்டியது. ஆனால், சுவடு காட்டும் பொருட்களை நிலத்தடி நீரில் கலந்து, அவை எங்கே எப்போது வெளிப்படுகின்றன எனப் பின்னர் நேரடியாக அளந்தபோது, மாதிரி கூறியதைவிடச் சுமார் நூறு மடங்கு வேகத்தில் நீர் ஓடுவது தெரியவந்தது. மென்பொருளின் கணக்கில் பிழை இருக்கவில்லை. அவ்வூரின் அடியிலுள்ள சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளும் துவாரங்களும் மாதிரியில் இடம்பெறவில்லை என்பதே குறையாகும்.

சுண்ணாம்புப் பாறையின் மீது வாழும் யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களுக்கு இது தொலைதூரக் கதையல்ல. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாட்டில், வடகீழ்ப் பருவமழை பாறையினுள் சேர்த்து வைக்கும் நீரே குடிநீராகவும் தோட்ட நீராகவும் இருந்து வந்துள்ளது. தாளையடியில் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்ட கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் குடிநீர்ச் சுமையின் ஒரு பகுதியைக் குறைக்கலாம். தோட்டக் கிணற்றுக்கு அது மாற்றாகிவிடாது. சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தில் நிபுணர் அறிக்கைகள் ஒன்றோடொன்று முரண்பட்டதையும், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 20 மில்லியன் ரூபா இழப்பீடு வழங்குமாறு உத்தரவிட்டதையும் மக்கள் மறந்துவிடவில்லை.

நிலத்தடி நீர் தொடர்பான திட்டங்கள் இன்று சிவப்பு, மஞ்சள், நீல நிறங்களால் தீட்டப்பட்ட கணனிப் படங்களுடனேயே முன்வைக்கப்படுகின்றன. கிணற்றுச் சொந்தக்காரர் அப்படத்தைப் பார்த்துத் தலையசைப்பதா, கேள்வி கேட்பதா என்பது அதனை வாசிக்கத் தெரிவதிலேயே தங்கியுள்ளது. அதற்குப் பொறியியலாளராக இருக்க வேண்டியதில்லை. படம் எவ்வாறு உருவாகின்றது என்பதை அறிந்தாற் போதுமானது.

இத்துறையில் உலகெங்கும் பெரிதும் பயன்படுவது, அமெரிக்காவின் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களம் 1984இல் வெளியிட்ட மொட்ஃபுளோ என்னும் மென்பொருளாகும். பலமுறை புதுப்பிக்கப்பட்ட அது இன்றும் இலவசமாகவே கிடைக்கின்றது. ஆராயவேண்டிய நிலப்பகுதி வரிசைகளாகவும் நிரல்களாகவும் அடுக்குகளாகவும் பிரிக்கப்பட்டுப் பல்லாயிரம் கட்டங்களாக்கப்படும். ஒவ்வொரு கட்டத்துக்கும் பாறை அல்லது மணலின் நீர் கடத்துதிறன், மழையினால் ஊறும் நீர், இறைக்கப்படும் நீர் ஆகியவற்றை ஆய்வாளர் கொடுப்பார். ஓரங்களில் கடல் உண்டா, நீர் புகாத பாறை உண்டா என்பதையும் அவரே கூறுவார். பிரான்ஸ் நாட்டுப் பொறியியலாளர் ஹென்றி டார்சி 1856இல் வெளியிட்ட நீரோட்ட விதியின்படி, அயற் கட்டங்களிடையே எவ்வளவு நீர் பாய்கின்றது எனக் கணனி கணக்கிடும். முடிவில் கிடைப்பவை இரண்டு: ஒவ்வொரு கட்டத்திலும் நீர்மட்டம் எவ்வளவு என்பதும், கட்டங்களுக்கிடையே பாய்ந்த நீரின் அளவும். மற்றவை யாவும் இவ்விரண்டிலிருந்தும் வரையப்படுவனவே.

முதலில் நீர்மட்டப் படத்தை எடுத்துக்கொள்வோம். பாடசாலையில் கற்ற சமவுயரக் கோட்டுப் படத்தைப் போன்றதே இதுவும். நீர் உயர்ந்த மட்டத்திலிருந்து தாழ்ந்த மட்டத்தை நோக்கி, பெரும்பாலும் கோடுகளுக்குச் செங்குத்தாக ஓடும். கோடுகள் வளையமாகச் சூழ்ந்து நடுவே மட்டம் குறைந்திருப்பின், அங்கு நீர் மிகையாக இறைக்கப்படுகின்றது எனக் கொள்ளலாம். கோடுகள் நெருங்கியிருந்தால் அங்கு நீர் வேகமாக ஓடுகின்றது என உடனே முடிவுசெய்துவிடக்கூடாது. நீரை எளிதில் கடத்தாத நிலத்திலும் அவை நெருங்கியே இருக்கும். மேலும், இம்மட்டம் பொதுவாகக் கடல் மட்டத்திலிருந்து அளக்கப்படுவது. கிணற்றின் கட்டிலிருந்து நீர்வரையுள்ள ஆழத்துடன் அதனைக் குழப்பிக்கொள்ளலாகாது.

அடுத்து, படத்தின் ஓரத்திலுள்ள நிற அளவுகோலைப் பார்க்க வேண்டும். சிவப்பு ஆபத்து என்பதும் நீலம் செழிப்பு என்பதும் இயற்கையின் நியதியல்ல. படம் வரைந்தவரின் தெரிவு. அளவுகோல் பூச்சியத்திலிருந்து பத்து மீற்றர் வரை நீண்டிருந்தால், அரை மீற்றர் வீழ்ச்சி கண்ணுக்கே தெரியாது. ஒரு மீற்றருக்குள் சுருக்கினாலோ அதே வீழ்ச்சி பெரும் வடுவாகத் தோன்றும். கடலோரத்தில் இந்த அரை மீற்றர் அற்பமானதன்று. உவர் நீரின் மீது மிதக்கும் நன்னீர் வில்லை, கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் உயர்ந்திருந்தால், கீழே சுமார் நாற்பது மீற்றர் வரை ஆழ்ந்திருக்கும் என்பது நூறாண்டுக்கு மேலாக அறியப்பட்ட விதியாகும். அதன்படி மேலே அரை மீற்றர் குறைந்து அந்நிலையே நீடித்தால், கீழிருந்து உவர் நீர் இருபது மீற்றர் வரை எழலாம். புத்தூரின் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர் நீரும் இருப்பதை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. எனவே, எத்தனை மீற்றருக்கு எந்த நிறம் எனக் கேட்பதே முதற் கேள்வியாக வேண்டும்.

படத்தின் வழுவழுப்பும் ஏமாற்றக்கூடியதே. ஒரு கட்டம் 250 மீற்றர் நீள அகலமுடையதாயின், அதனுள் அடங்கும் பத்துப் பதினைந்து கிணறுகளுக்கும் மாதிரி தருவது ஒரே நீர்மட்டமாகும். கட்டங்களுக்கிடையிலான நிற மாற்றத்தை மென்பொருளே இட்டு நிரப்புகின்றது. என் வளவுக் கிணறு நீல நிறத்தினுள் இருக்கின்றது என எவரும் ஆறுதலடைய அதில் இடமில்லை. நீர் வற்றிய கட்டங்களுக்கு மென்பொருள் பத்தின் முப்பதாம் அடுக்கு போன்றதொரு மாபெரும் எண்ணை அடையாளமாக இடுவதுண்டு. அதனை நீக்காமல் வரையப்பட்ட படம் முற்றிலும் பொருளற்றதாகிவிடும். வெறுமையாக விடப்பட்ட இடங்கள் ஏன் வெறுமையாயின எனவும் கேட்டறிய வேண்டும்.

படத்தைவிட முக்கியமானது, அதனுடன் வெளிவரும் நீர் வரவு செலவுக் கணக்காகும். மழையால் வந்தது எவ்வளவு, கிணறுகளால் போனது எவ்வளவு, கடலுக்குள் வடிந்தது எவ்வளவு என அது நிரல்படுத்தும். வரவும் செலவும் ஒரு வீதத்துக்கும் குறைவான வித்தியாசத்துடன் பொருந்தவேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. ஆயினும், அப்பொருத்தம் கூட்டல் கழித்தல் சரி என்பதை மட்டுமே நிரூபிக்கும். கொடுத்த தரவு சரியென அது நிரூபிக்காது. இக்கணக்கில் கடல் எல்லையூடாக உள்ளே வரும் நீர் என்றொரு வரி உண்டு. அங்கே சிறியதோர் எண் தோன்றினாலும், நாம் இறைப்பதில் ஒரு பங்கைக் கடல் ஈடுசெய்கின்றது என்பதே அதன் பொருளாகும்.

மொட்ஃபுளோவின் அடிப்படை வடிவம் நீர் அனைத்தையும் ஒரே அடர்த்தியுடையதாகக் கருதுவதால், உவர் நீர் எங்கே நிற்கின்றது என அது காட்டாது. அதற்கு சீவட் போன்ற வேறு மென்பொருள்கள் வேண்டும். 2004ஆம் ஆண்டு சுனாமியின் பின்னர், கிழக்குக் கரையோரத்தின் தமிழ், முஸ்லிம் கிராமங்களில் உப்பேறிய கிணறுகளை மீண்டும் மீண்டும் இறைத்துத் தூய்மைப்படுத்த முயன்றபோது, அளவுக்கு மிஞ்சிய இறைப்பு கீழுள்ள உவர் நீரை மேலிழுக்கும் என நிபுணர்கள் எச்சரித்தனர். நீர்மட்டம் சரியாக இருக்கின்றது என்பது, நீர் நன்னீராக இருக்கின்றது என்பதற்குச் சான்றாகாது.

மாசு எங்கிருந்து வருகின்றது என அறிய வரையப்படுவது துணிக்கைப் பாதைப் படமாகும். கற்பனைத் துணிக்கைகளை நீரோட்டத்தில் விட்டு, அவை செல்லும் வழியையும் எடுக்கும் காலத்தையும் மென்பொருள் கணிக்கும். காலக் கணிப்பு, நிலத்தின் எத்தனை வீதத்தினூடாக நீர் உண்மையில் ஓடுகின்றது என்ற ஒரே எண்ணிலே பெரிதும் தங்கியுள்ளது. மணலில் அவ்வெண்ணை ஓரளவு நம்பலாம். சுண்ணாம்புப் பாறையிலோ நீர் பெரும்பாலும் வெடிப்புகளின் வழியே விரைவதால் அவ்வெண் மிகச் சிறியதாகி, பயண காலமும் அதே விகிதத்தில் குறையும். வாக்கர்ட்டனில் பிழைத்தது இவ்விடத்திலேயாகும். மலசலகூடக் குழிகளும் உரமிட்ட தோட்டங்களும் கிணறுகளும் நெருங்கியிருக்கும் வலிகாமத்தில், பாதுகாப்பான தூரம் இவ்வளவு என ஒரு படம் கூறுமாயின், சுவடு காட்டும் பொருள் கொண்டு அது பரிசோதிக்கப்பட்டதா எனக் கேட்பது அவசியமாகும்.

கணித்த நீர்மட்டங்கள் கிணறுகளில் அளந்த மட்டங்களுடன் நன்கு பொருந்துகின்றன என ஆய்வாளர் கூறலாம். இது அவசியமான பரிசோதனையாயினும் போதுமானதன்று. இறைப்பு இல்லாத சமநிலையில், ஊறும் மழைநீரையும் பாறையின் கடத்துதிறனையும் ஒருசேர இரட்டிப்பாக்கினால், மாதிரி அதே நீர்மட்டங்களையே தரும். ஆனால், முதலாவது மாதிரியில் உள்ள நீரோட்டத்தைப் போல் இருமடங்கு நீர் இரண்டாவதில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரே படம், இருவேறு உண்மைகள். எவ்வளவு இறைக்கலாம் என்னும் கேள்விக்கு இவ்விரு மாதிரிகளும் முற்றிலும் வேறுபட்ட விடைகளைத் தரும். நீர்மட்டங்களோடு நீரின் அளவும் எங்கேனும் நேரடியாக அளக்கப்பட்டதா என்பதே இதனைத் தீர்க்கும் கேள்வியாகும்.

எதிர்காலம் பற்றிய படங்கள் இவற்றுக்கும் மேலாக, நாளைய மழையும் இறைப்பும் எவ்வளவு என்ற ஊகத்தின் மீது நிற்பவை. அமெரிக்காவின் மூத்த நிலத்தடி நீரியல் ஆய்வாளர்களான லெனார்ட் கொனிகோவும் ஜோன் பிரெடஹோஃப்டும், இத்தகைய மாதிரிகளைச் சரியென மெய்ப்பித்துவிட முடியாது என 1992இலேயே வாதிட்டனர். மாதிரிகளைக் கைவிட வேண்டும் என்பதல்ல இதன் பொருள். பல ஊகங்களை அருகருகே வைத்து, எது மாறினால் முடிவு பெரிதும் மாறும் என அறிவதற்கு இவற்றைவிடச் சிறந்த கருவி இல்லை. ஒரேயொரு படத்தை மட்டும் காட்டி முடிவை அறிவிப்பதே தவறாகும்.

எனவே, குடாநாட்டிலோ கற்பிட்டியின் மணற்பரப்பிலோ கிழக்குக் கரையோரத்திலோ நிலத்தடி நீர் பற்றிய திட்டமொன்று முன்வைக்கப்படும்போது, படத்துடன் அதன் நிற அளவுகோலும் நீர் வரவு செலவுக் கணக்கும் அளந்த தரவுகளும் மாற்று ஊகங்களின் முடிவுகளும் தமிழில் வெளியிடப்பட வேண்டும். மாரி கால முடிவுடன் கோடை முடிவிலுள்ள நிலையும் காட்டப்பட வேண்டும். பிரதேச சபைகளும் விவசாய அமைப்புகளும் கோவில், பள்ளிவாசல் நிருவாகங்களும் தத்தமது பகுதிக் கிணறுகளின் நீர்மட்டத்தையும் உவர்த்தன்மையையும் மாதந்தோறும் குறித்து வைப்பார்களாயின், எந்தக் கணனிப் படத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அவர்களிடம் சொந்தச் சான்று இருக்கும். ஒரு கயிறும் அளவுநாடாவும், உவர்த்தன்மையை அளக்கும் சிறியதொரு கருவியும், தவறாது குறிக்கும் கொப்பியும் அதற்குப் போதும். அவ்வேலையை அடுத்த மழைக்கு முன்னரே தொடங்கிவிடலாம்.