ஒரே அட்டை, வெவ்வேறு வரைபடங்கள்

கூடி விளையாடும் ஆட்டங்கள் பலவற்றில் ஒருவர் காய் நகர்த்த, ஏனையோர் தம் முறைக்குக் காத்திருப்பர். 2019ஆம் ஆண்டு வெளிவந்த ‘கார்ட்டோகிராபர்ஸ்’ என்னும் வரைபட ஆட்டத்தில் அனைவரும் ஒருசேர ஆடுகின்றனர். ஜோர்டி அடான் என்பார் உருவாக்கிய இதற்குக் கையிலெடுத்துச் செல்லத்தக்க சிறு பெட்டியொன்று போதும். தனித்தும் ஆடலாம், 100 பேர் வரை கூடியும் ஆடலாம்.

ஒவ்வொருவர் தாளிலும் வரிசைக்கு 11 வீதம் 121 கட்டங்கள் உள. அட்டையொன்று திறக்கப்பட்டதும், அது காட்டும் வடிவத்தைக் காடு, ஊர், வயல், நீர் என அது குறிக்கும் நிலமாகத் தத்தம் தாளில் வரைதல் வேண்டும். வடிவத்தைத் திருப்பலாம், சிதைத்தலாகாது. நான்கு பருவங்களின் முடிவிலும் மதிப்பெண் கணக்கிடப்பெறும்.

இடையே பகை அட்டையும் வரும். அப்போது நம் தாள் அண்டையில் இருப்பவர் கைக்குச் செல்லும். நமக்கு இழப்பு மிகும் இடம் பார்த்து அவர் பகையை வரைவார். அதனையொட்டிய வெற்றுக் கட்டம் ஒவ்வொன்றும் பருவந்தோறும் ஒரு மதிப்பெண்ணைக் குறைக்கும். பிறர் வரைந்ததை அழித்தல் இயலாது. சுற்றியுள்ள வெறுமையை நம் உழைப்பால் நிரப்புதலே வழி.

அனைவர்க்கும் வரும் அட்டைகள் ஒன்றே; ஈற்றில் இரு வரைபடங்கள் ஒத்திருத்தல் அரிது. ‘இடனறிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரைப் பயிலும் மாணவர்க்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும்.